கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ஃபோனில் நீ கூப்பிட்டபோது கல்யாணப் பத்திரிகை விஷயமாகத்தான் இருக்கும் என்று ஈரக்கையோடு ஓடினேன். நீ வேறொன்று கேட்டாய். "அம்மா, முன்ன நீங்க வாரம் பூராத்துக்கும் ஆக்கி ஐஸ் பெட்டியில வெச்சுட்டுப் போவீங்கல்ல, அது எப்பிடிங்க செய்வீங்க?" நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் நர்ஸ் வேலையில் இருக்கிறாள், மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி, கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பன்னும் டீயுமாக ஓட்டுகிறாள், கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீயே சமைத்து வைக்கலாமென்று இருக்கிறாய். நீ சொல்லச் சொல்ல நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எழுதி அனுப்பறேன் கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நான் ஏதோ அவசரத்தில் இருப்பதாக நீ நினைத்திருப்பாய். அவசரம் ஒன்றுமில்லை. ஒன்பது வருடமாக நீயும் நானும் எடுக்காத பேச்சு அது. நீ அதைச் சமையல் பக்குவம் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டுவிட்டாய். பக்குவத்தை எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். செலவும் குறைவு, குளிரிலும் கெடாது என்றால் பருப்பும் பயறும்தான். பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப் பருப்பு, கத்தரிக்காய் போட்ட தட்டைப்பயறுக் குழம்பு, சுண்டக் காய்ச்சிய தக்காளித் தொக்கு, இந்த நான்கும் இருந்தால் இரண்டு பேருக்கு ஒரு வாரம் ஓடிவிடும். உருளைக்கிழங்கு சேர்க்காதே, ஐஸிலிருந்து எடுத்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடும். தேங்காய் அரைத்து ஊற்றுவதையும் தாளிப்பதையும் சுடவைக்கிற அன்றைக்கென்று விட்டுவிடு. உப்பும் புளியும் கொஞ்சம் குறைவாகவே போடு, மறுபடி கொதிக்கும்போது சுண்டி ஏறிக்கொள்ளும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் ஊற்று. விளிம்பு வரைக்கும் ஊற்றாமல் ஒரு விரல்கடை இடம் விடு, உறைந்தால் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். காலையில் டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தால் சாயங்காலத்துக்குள் இளகியிருக்கும். ஒருதரம் இளகியதைத் திரும்ப மேலே வைக்காதே. கரண்ட் போய் நாளெல்லாம் வராவிட்டால் எல்லாவற்றையும் அன்றைக்கே கொதிக்கவைத்துத் தீர்த்துவிடு. சோறு மட்டும் அன்றன்றைக்கு வடித்துக்கொள். அரிசியும் பருப்பும் சாதம் வேண்டுமென்றால், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகாய் எல்லாம் வதக்கி அந்த வதக்கலை மட்டும் சின்னச் சின்ன டப்பாக்களில் வைத்துக்கொள். டூட்டி முடிந்து அவள் அலுத்து வருகிற காலையில் ஒரு டப்பாவைக் குக்கரில் கவிழ்த்து, அரிசியையும் துவரம்பருப்பையும் கழுவிப் போட்டால் அவள் குளித்து வருவதற்குள் ஆகிவிடும். மேலே ஒரு கரண்டி நெய் ஊற்று. அதற்கு மிஞ்சிய ஆறுதல் நம் ஊர்ச் சாப்பாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

பக்குவம் இவ்வளவுதான். நான் இதைக் கற்றுக்கொண்டது வால்பாறையில் வாத்தியார் வேலை கிடைத்த பிறகு. அப்போது நீ ஏழாவது. உங்கப்பா கோயமுத்தூர் கணபதியில் பம்பு செய்கிற பட்டறையில் லேத் மெஷின் டர்னர். அவர் வேலையை விட்டுவிட்டு மலைக்கு வர முடியாது, உன் படிப்பைக் கெடுத்து அங்கே கூட்டிப்போகவும் மனமில்லை. அந்த வருடத் தீபாவளி போனஸில் உங்கப்பா ஃபிரிட்ஜ் வாங்கி மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். "நீ ஆக்கி வெச்சுட்டுப் போ அம்மணி, நாங்க சுடவெச்சுத் தின்னுக்கறோம். உன்ற கையால தின்ன மாதிரியும் இருக்கும்" என்றார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து நாற்பது வளைவும் இறங்கி வருவேன். சனிக்கிழமை காலையில் காய்கறிக் கடைக்குப் போய், மத்தியானம் முழுக்க அடுப்படியில் நிற்பேன். நீயும் உங்கப்பாவும் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பீர்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்கம்மா ஊருக்குப் போறதுக்கு இப்பவே அழுதுக்கறேன்டா, நாளைக்கு நேரம் இருக்காது" என்பார். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து டப்பாக்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் பிளாஸ்திரி ஒட்டி, திங்கள், செவ்வாய் என்று பேனாவால் எழுதிவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரும்போது பத்து டப்பாவும் கழுவித் துடைத்து மேடையில் கவிழ்த்திருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு மலையேறி இறங்கின அலுப்பே போய்விடும். இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறார்கள், நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் குடும்பம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இதை நீ மறக்காமல் வைத்துக்கொள். டப்பா காலியாக இருப்பது அவர்கள் சாப்பிட்டார்கள் என்பதற்கு அடையாளம் இல்லை. எவ்வளவு ஆக்கி வைத்தாலும் வாரத்தில் இரண்டு வேளையாவது அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் விழுங்குவதைப் பார்.

நீ ஒன்பதாவது போன வருடம், வெயில் காலத்தில், உங்கப்பாவுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே அடைக்க ஆரம்பித்திருக்கிறது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது, பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரே சொல்லித்தான் தெரிந்தது. முதலில் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கியிருக்கிறார். பிறகு பிசைந்து கரைத்து. ஆடி மாதத்துக்குப் பிறகு கஞ்சியும் பாலும் மட்டும்தான். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்துபோய்த் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் துப்பியதை நீ பார்த்துவிட்டாய். "அப்பா, என்னங்க ஆச்சு?" என்று கேட்ட உன்னை அவர் தோளில் கைபோட்டு உட்காரவைத்துச் சொன்னாராம்: "ஒண்ணுமில்ல கண்ணு, சூட்டுக்கு அப்படி இருக்குது. அம்மாகிட்டச் சொல்லிப்போடாத. வாரத்துல ஒண்ணரை நாளைக்கு வாரா. அந்த ஒண்ணரை நாளும் அவளை அழுக வெக்க வேண்டாம்." நீ தலையாட்டியிருக்கிறாய். மிச்சமான குழம்பைக் கொட்ட உனக்கு மனம் வரவில்லை. அம்மா நாளெல்லாம் நின்று ஆக்கினது என்று அவருடைய பங்கையும் நீயே சாப்பிட ஆரம்பித்தாய். முதலில் உன் தட்டு, பிறகு அவர் தட்டு. மாதக்கணக்கில் அப்படிச் சாப்பிட்டாய். அவர் கஞ்சி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து, "போதுங்கண்ணு, முடியலீன்னா வெச்சுரு" என்பாராம். நீ வைக்க மாட்டாயாம்.

உனக்குச் சட்டைப் பித்தான் போட முடியாமல் போனதை நான் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை உன் கன்னத்தைக் கிள்ளி, "என்னடா, உங்கப்பனுக்கும் சேத்து நீயே திங்கறயா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். நீ உங்கப்பாவைப் பார்த்தாய். அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவர் இளைத்ததையும் பார்க்காமல் இல்லை. கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் இறங்கி வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை விரதமென்று ஆரம்பித்தவர் ஐப்பசி பிறந்தும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைப் பாலில் ஊறவைத்து ஒன்றோ ஒன்றரையோ. ஒரே ஒரு தடவை கேட்டேன். "ஏனுங்க, இப்படி இளைச்சுட்டீங்களே?" "ஓவர்டைம் அம்மணி. மழை பேஞ்சு சூடு தணிஞ்சாச் சரியாப் போகும்" என்றார். நான் நம்பவில்லை கண்ணு. நம்பின மாதிரி இருந்துவிட்டேன். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும், உண்மை வந்தால் நான் மலையை விட்டு இறங்க வேண்டியிருந்திருக்கும்.

இதை எழுதத்தான் கை கூசுகிறது. மாறுதல் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், இடம் காலியில்லை என்கிறார்கள் என்று உங்கள் இருவரிடமும் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனு கொடுக்கவே இல்லை. பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்ட தாள் என் கைப்பையின் உள்ஜிப்பில் மடித்தபடி இருந்தது. எனக்கு அங்கே பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஜன்னலைத் திறந்தால் தேயிலை, சாயங்காலம் பனி இறங்கிவிட்டால் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தாய்மார்கள் வழியில் பார்த்தால் "வாங்க டீச்சர்" என்று ஒதுங்கி நிற்பார்கள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள், தபாலில் படித்து வாத்தியார் ஆனவள். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் என்னிடம் தண்ணீர் கொண்டுவா என்று கேட்க ஒருவரும் இல்லை. அது எனக்கு வேண்டியிருந்தது. அதில் தப்பொன்றும் இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உங்களிடம் பொய் சொன்னதுதான் தப்பு. வேலைக்குப் போகிற பெண்ணைக் கட்டுகிறாய். அவளுக்குக் கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டுமென்றால் அதை அவள் பயமில்லாமல் உன்னிடம் கேட்கும்படி வைத்துக்கொள். நான் கேட்டிருந்தால் உங்கப்பா சரியென்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அந்த ஐப்பசியில் மலையில் மழை பிடித்துக்கொண்டு புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து உங்களை அசத்தலாமென்று பஸ் ஏறினேன். வழியில் மரம் விழுந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். கதவு தாழ் போடவில்லை. உள்ளே போனால், அடுப்படித் தரையில் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். ஒன்று காலி. இன்னொன்றில் தட்டைப்பயறுக் குழம்பும் சோறும். உனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் நிறையச் சோறு. அப்படியே என்னைப் பார்த்தாய். கட்டிலில் உங்கப்பா டம்ளரைப் பிடித்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாரக்கடைசியில் நான் வரும்போது சவரம் செய்து சட்டை போட்டுத் தயாராக இருப்பார். அன்றைக்குப் பனியனோடு இருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அப்பா சோத்தை எதுக்குடா நீ திங்கறே?" என்றேன். நீ விழுங்கப் பார்த்தாய், முடியவில்லை.

"அவனை ஒண்ணும் சொல்லாத அம்மணி" என்றார் உங்கப்பா. "நாந்தான் சொல்ல வேண்டாமுன்னேன்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. உணவுக்குழாயில் கேன்சர், முற்றிப்போயிருக்கிறது, அறுத்து எடுக்கிற நிலையில் இல்லை என்றார் டாக்டர். நான் வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் பெஞ்சில் பள்ளிக்கூட உடுப்போடு நீ உட்கார்ந்திருந்தாய். என்னைக் கண்டதும் எழுந்து, "அம்மா, என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாய். நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் நான் சொன்னேன் என்று என் கையாலேயே எழுத வேண்டும். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா உங்கப்பன் பொழச்சிருப்பாரு. தின்னே கொன்னுபோட்டயேடா" என்றேன். சுற்றி நாலு பேர் இருந்தார்கள். ஒரு பாட்டி, "ஏனம்மா, குழந்தையைப் போயி" என்றது கூடக் காதில் விழுந்தது. நீ அழவில்லை. மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாய்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, வயிற்றில் குழாய் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு, அதே டாக்டரிடம் கேட்டேன். "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாங்களா?" அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தாலும் இதே கதிதாம்மா. இவருக்குச் சோறு அடைக்க ஆரம்பிச்சப்பவே காலம் கடந்துபோச்சு. மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க." நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். நீ வெளியே ஆட்டோவுக்குள் அவர் தலைக்குத் தலையணை சரிபண்ணிக்கொண்டிருந்தாய். அன்றைக்கே, அந்த ஆட்டோவிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழியைத் தூக்கி வைக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது கண்ணு. உன்மேலிருந்து அந்தப் பழியை எடுத்தால் அது என் கைப்பைக்குத்தான் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும்.

தாழ்வாரத்தில் நான் உன்னைச் சொன்னது, யார் சொன்னார்களோ, நீயே சொன்னாயோ, உங்கப்பாவுக்குத் தெரிந்திருந்தது. மார்கழியில் ஒருநாள் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தார். குரல் போய்க் காற்றுதான் வந்தது. "அவன் வாயைக் கட்டுனது நானு. அவன்கிட்டச் சொல்லிப்போடு. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்குவான். நீ சொல்லு." சொல்கிறேன் என்று தலையாட்டினேன். மாசி பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். கொள்ளி வைக்கப் போன உன்னைப் பார்த்துச் சொந்தக்காரர்கள், "பையன் கல்லு மாதிரி நிக்கறான், அழுகவே மாட்டீங்கறான்" என்று பேசிக்கொண்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் அந்த மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜூன் மாதமே சூலூர்ப் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக இருந்தது. இனிமேல் தினமும் சுடச்சுட ஆக்கிப் போடலாம் என்று இருந்தேன். நீ என் எதிரில் உட்கார்ந்து ஒரு கரண்டிச் சோறு மட்டும் வாங்கிக்கொள்வாய். இன்னும் கொஞ்சம் என்றால் கையைத் தட்டின்மேல் விரித்துக்கொள்வாய். உடம்பெல்லாம் வற்றி, பத்தாவது முடிப்பதற்குள் உங்கப்பா மாதிரியே ஆகிவிட்டாய். பிறகு பாலிடெக்னிக், ஹாஸ்டல், பெங்களூரில் வேலை. தீபாவளிக்கு வந்தால் ஒரு பகல். பொங்கலுக்கு வந்தால் ஒரு பகல். ஒரு தடவைகூட என்னை எதிர்த்துப் பேசினதில்லை, ஒரு மாதமும் பணம் அனுப்பத் தவறினதில்லை. "எவ்வளவு மரியாதையான பையனுங்க" என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் சிரித்து வைப்பேன்.

நீ ஃபோன் செய்து வைத்த பிறகு இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. டாக்டர் அன்றைக்குச் சொன்னது நிஜமாகவே அவர் சொன்னதுதானா, இல்லை நானே ஆறுதலுக்கு உண்டாக்கிக்கொண்டதா என்று பயம் வந்துவிட்டது. விசாரித்துப் போனேன். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கிறார், தலையெல்லாம் நரைத்துவிட்டது. டோக்கன் வாங்கி உட்கார்ந்து, என் முறை வந்ததும் உங்கப்பா பேர், வயது, எந்த வருடம் எல்லாம் சொன்னேன். அவருக்கு ஞாபகமில்லை. எப்படி இருக்கும்? ஆனால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதைப் பாத்தா அப்பிடித்தாம்மா சொல்லியிருப்பேன். அந்தச் சீக்கு அப்பிடி. யார் சொல்லியிருந்தாலும் சொல்லாட்டியும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். பிறகு, "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா கேக்கறீங்க?" என்றார்.

"பையனுக்குச் சொல்லோணுங்க" என்றேன்.

"இன்னுமா சொல்லல?" என்று கேட்டார். அடுத்த ஆளை வரச்சொல்லி மணியடித்தார்.

உங்கப்பா செத்ததற்கும் நீ வாய்மூடி இருந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாய், இன்னொருத்தி ஆக்கிய சோற்றை வீணாக்காமல் தின்றாய், இரண்டுமே பிரியத்தால். இதைக் கேட்டு உனக்குப் பாரம் குறையுமா, இல்லை இத்தனை வருடம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தாளே என்று கோபம் ஏறுமா, எனக்குத் தெரியாது. கோபம் வந்தால் அதை மரியாதைக்குள் மறைத்துவைக்காதே. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்து, சத்தம் போட வேண்டுமானால் போட்டுவிட்டுப் போ. வர இஷ்டமில்லை என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான் தீராது. இதைக் கேட்க வேண்டியவன் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பதினாலு வயதுப் பையன். அவனிடம் போய்ச் சொல்ல இனி எனக்கு வழியில்லை. உன்னால்தான் முடியும். அவனிடம் சொல்லிவிடு கண்ணு.

அம்மா